ஐஸ் தோண்டிய வாய்க்கால்

றஜனி ரீச்சர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். குருநகரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் புவியியல் படிப்பிக்கிறார். நான் பக்கத்து வகுப்பில் கணிதம். இந்த முறை உயர்தர வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது புவியியல் எடுக்காவிட்டால் அந்தப் பாடத்தையே நிறுத்திவிடுவதாக அதிபர் சொல்லிவிட்டார். பிள்ளைகளோ எல்லாரும் வணிகத்தின் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

"நிப்பாட்ட விடமாட்டன்" என்றார் ரீச்சர்.

அன்று நோர்வேக் கடலின் அடித்தளம் பற்றிய பாடம். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கண்டமேடையில் பெரிய பெரிய வாய்க்கால்கள் வளைந்து வளைந்து கிடக்கின்றன, பனியுகத்தில் தரையிலிருந்து நகர்ந்து வந்த பனிக்கட்டிதான் அவற்றைத் தோண்டியது என்றார். கஜானி எழும்பினாள். அவளுடைய தகப்பன் எமில்ராஜ் மீன்வாடிகளுக்கு ஐஸ் கொடுப்பவர்.

"ரீச்சர், எங்கடை வீட்டிலை நெடுக ஐஸ்தான். அது உருகும். தோண்டாது."

வகுப்பே சிரித்தது. மறுநாள் ரீச்சர் ஒரு ஐஸ்கட்டி வாங்கி, முற்றத்தில் சுண்ணாம்புக்கல்லின் மேல் வைத்து இழுத்தார். கல் நனைந்தது, அவ்வளவுதான். சிரிப்பு இன்னும் கூடியது. "விடுங்கோ ரீச்சர்" என்ற என்மேல் எரிந்து விழுந்தார். பின்னேரமே எமில்ராஜிடம் போனார்.

"அடியிலை கருங்கல் சல்லி போட்டு உறைய வைச்சுத் தாங்கோ."

அந்தக் கட்டியை எமில்ராஜே கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகள் கயிறு கட்டி முன்னும் பின்னும் இழுத்தார்கள். சுண்ணாம்புக்கல்லில் ஆழமான கோடுகள் விழுந்தன. பக்கத்தில் கிடந்த உடைந்த கருங்கல் அம்மியின் மேலும் இழுத்தார்கள்; அதில் கீறல்கூட ஒழுங்காக விழவில்லை.

"பாத்தியே கஜானி? ஐஸ் வயித்திலை கொண்டுபோற கல்லுத்தான் அராவுது. சுண்ணாம்புக்கல் மாதிரி மெதுவான பாறையைத் தோண்டும், அம்மி மாதிரி வைரமான பாறையிலை தோத்துப்போம். அதாலைதான் வாய்க்கால் வளைஞ்சு போகுது."

"அப்ப எங்கடை கடலிலையும் ஐஸ் வந்ததோ?"

"இல்லைப் பிள்ளை. தண்ணி அங்கை ஐஸாய் நிண்டதாலை இங்கை கடல் வத்திச்சுது. காங்கேசன்துறையிலை இருந்து இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாம்."

கஜானி குந்தியிருந்து அந்தக் கோட்டில் விரலை ஓட்டினாள். அந்த நேரம் பார்த்து அதிபர் வந்தார்.

"என்ன சேறு இது?"

"சேர், நான் புவியியல் எடுக்கிறன்" என்றாள் கஜானி.

"கொப்பர் வணிகம் எண்டெல்லே சொன்னவர்?"

எல்லாரும் எமில்ராஜைப் பார்த்தோம். அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு காலமும் ஐஸ் விக்கிறன், இது எனக்குத் தெரியாது. அவள் படிக்கட்டும் சேர்."

ரீச்சர் ஈரச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஐஸ் உருகுது, இழுங்கோ" என்றார்.