கண்ணாடிக்குள் நின்றவருக்கும் கேட்ட குரல்

செய்தி வந்தபோது நான் செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்றேன். ஹரோவில் இருந்து மலரின் தங்கை பேசினார். "அக்கா விடியக் காலமை போயிட்டா, ரமணன் அண்ணை." எனக்கு அழுகை வரவில்லை. முந்திக்கொண்டுவிட்டாரே, இனிப் பேசவேண்டியவன் நான்தானே என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரயிலில் வழிநெடுக அவரோடு வாதாடிக்கொண்டே போனேன். மனதுக்குள்தான் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனபோதுதான் வாயும் அசைந்திருக்கிறது என்று தெரிந்தது.

சிவமலரை உங்களில் சிலர் அக்காவாக அறிவீர்கள், சிலர் பக்கத்து வீட்டுக்காரியாக. நான் அவரை எதிராளியாக அறிந்தவன். அவர் அரச தரப்புச் சட்டத்தரணி. நான் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக எழுந்து நிற்பவன். வழக்கு முடியும்வரை நீதிமன்றக் கட்டடத்துக்குள் என்னோடு ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். நாங்கள் இருவரும் தமிழில் குசுகுசுத்தால், கூண்டில் நிற்பவன் தன்னை விற்றுவிட்டார்கள் என்றுதான் நினைப்பான் என்பார். வழக்கு முடிந்ததோ, பார்க்கிங் என்ற ஊரில் ஒரு தேநீர்க் கடையில் அத்தனை தமிழும் கொட்டும். பாதிக்குமேல் சண்டைதான். சம்பலில் உப்புக் கூட என்று கடைக்காரரோடும் அவர் வழக்காடியதுண்டு.

இனி ஒரு வழக்கு. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். ஜெர்மனியில் இருந்து வந்து பார்க்கிங்கில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர் சுதன். கடை வாசலில் ஒருவரோடு வாக்குவாதம் முற்றி, ஷட்டர் இழுக்கும் கம்பியால் அடித்துவிட்டார். அந்த மனிதரின் கை முறிந்தது. வேண்டுமென்றே கடுங்காயம் விளைவித்தார் என்று தீர்ந்தால் நீண்ட சிறை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அப்போது அரச தரப்பில் இருந்தவர் என்னோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். சுதன் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வார். மற்றவரிடம் முதலில் அடி வாங்கிய பதற்றத்தில், கம்பியைத் தேடிப் போகாமல், அங்கே கிடந்ததை எடுத்து அடித்தார் என்பதை அரச தரப்பு ஏற்கும். அந்தச் சொல்லை நம்பித்தான் சுதன் விசாரணை வேண்டாம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தண்டனை சொல்லும் நாளில் போனால், அரச தரப்பில் ஆள் மாறியிருந்தது. மலர்! தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, தானாக இருந்தால் இந்த உடன்பாட்டுக்கு ஒருநாளும் சம்மதித்திருக்கமாட்டேன் என்று ஆங்கிலத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரச தரப்பு கொடுத்த சொல்லை அவர் வெளிப்படையாக முறிக்கக்கூட வேண்டியதில்லை. தாளைப் பார்த்தபடி, ஆம், அப்படியொரு உடன்பாடு உண்டு என்று மூக்கால் சொன்னாலே போதும், நீதிபதிக்கு விளங்கிவிடும். அப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கம்பி அங்கே தற்செயலாகக் கிடந்தது என்பதை அரச தரப்பு உண்மையிலேயே ஏற்கிறதா என்று கேட்டார். மலர் எழுந்தார். முதலில் காயத்தைச் சொன்னார், ஒரு துளியும் குறைக்காமல். அந்த மனிதரால் இன்னமும் பாரம் தூக்க முடியவில்லை என்றார். பிறகு உடம்பைச் சற்றே பின்பக்கம் திருப்பினார். கூண்டு அங்கேதான் இருந்தது. தடித்த கண்ணாடி, உள்ளே நிற்பவருக்குப் பாதி கேட்காது. மலர் குரலை உயர்த்தினார். சாட்சியங்களை எல்லாம் பார்த்துத்தான் அரச தரப்பு இதை ஏற்றது, இந்த மனிதர் அதை நம்பித்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அரச தரப்பு இன்றும் அதில் முழுமையாக நிற்கிறது என்றார். தயக்கம் ஏதும் உண்டா என்று நீதிபதி மறுபடி கேட்டார். இல்லை என்றார், முன்னதைவிடச் சத்தமாக. கண்ணாடிக்குள் சுதன் தலை நிமிர்ந்தார். நான் கைதட்டாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது சொல்லும்போதும் மயிர்க்கூச்செறிகிறது. மறுபடி குற்றம் செய்தால்தான் சிறை என்ற நிபந்தனையோடு தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, சுதன் அன்றே வீட்டுக்குப் போனார்.

வாசலில் சுதனின் மாமியார் பயத்தம் பணியாரப் பெட்டியோடு நின்றார். இவர் எங்கட ஊர்ப் பிள்ளை எண்டபடியால்தானே காப்பாற்றினாய் என்று மலரின் கையைப் பிடித்தார். மலருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, உங்கட மருமகன் எந்த ஊர் எண்டு நான் பாக்கேல்லை. சொல்லுக் குடுத்தாச்சு. ஆரெண்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பன்." பெட்டியைத் தொடவில்லை. ஆனால் ஸ்டேஷன்வரை அந்த வாசனையைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தார்.

அன்று தேநீர்க் கடையில் கேட்டேன், பிடிக்காத உடன்பாட்டுக்கு ஏன் அவ்வளவு சத்தம் என்று.

"பிடிச்ச சொல்லைக் காப்பாத்த எல்லாராலையும் ஏலும், ரமணன். நான் முணுமுணுத்திருந்தால் அது சொல்லை முறிச்ச மாதிரித்தான். அது உங்களுக்குத் தந்த சொல் இல்லை, நீதிபதிக்குத் தந்ததும் இல்லை. கண்ணாடிக்குள்ள நிண்ட ஆளுக்குத் தந்தது. அந்த ஆளுக்குக் கேக்க வேணும்."

அந்த மேசையில்தான் எங்களுக்குள்ளும் ஓர் உடன்பாடு உண்டானது. யார் முந்திப் போனாலும் அஞ்சலியில் மற்றவர் பேசவேண்டும். நல்லதை மட்டும் சொல்லுங்கள் என்றேன் நான். அவருடைய நிபந்தனை வேறு. "என்னைப் பூசி மெழுகக் கூடாது. சண்டைக்காரி எண்டு சொல்ல வேணும்." சிரித்துக்கொண்டு கைகொடுத்தேன்.

சற்றுமுன் இந்த மண்டப வாசலில் மலரின் தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு, பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணை என்று கெஞ்சினார். எனக்கும் அதைச் சொல்ல இப்போது மனம் வரவில்லை. அவர் இல்லாதது தாங்க முடியாமல் இருக்கிறது. ஆனால் மலரிடம் இருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான்: பிடிக்காதபோதும் முழுக் குரலில் காப்பாற்றுவது. கடைசி வரிசையில் சுதன் இருக்கிறார். அவருக்கும் கேட்கவேண்டும்.

எங்கள் சிவமலர் ஒரு சண்டைக்காரி.