நான்காவது ஸ்மித்

படத்தில் இருந்தவன் அழகன். மெல்லிய மீசை, கோட்டுப் பையில் மடித்துச் செருகிய வெள்ளைக் கைக்குட்டை. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து அவனை வெட்டியெடுத்தபோது கீழே இருந்த இரண்டு வரிகளைக் கவனமாகக் கத்தரித்து எறிந்தேன். மனைவிக்கு நஞ்சு வைத்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட ஸ்மித் என்று அந்த வரிகள் சொல்லின.

ஐம்பதுகளில் கல்முனையில் ஒரு மிஷன் பாடசாலையில் இளம் ஆசிரியராக இருந்தேன். எங்கள் தலைமை ஆசிரியரின் பெயரும் ஸ்மித். என்னைப் போலவே கறுத்த மனிதர், மெதடிஸ்தத் தமிழர். அவருடைய அறைச் சுவரில் மூன்று ஸ்மித்துகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கினார்கள்: ஒரு படைத்தளபதி, ஒரு பிஷப், மட்டையை ஊன்றி நிற்கும் ஒரு கிரிக்கெட் வீரர். வருகிறவர்களுக்கெல்லாம் பெரியப்பா சித்தப்பாவைக் காட்டுவதுபோல அவர்களைக் காட்டுவார். வேறு ஸ்மித் யாரையாவது பத்திரிகையில் கண்டால் வெட்டி வரும்படி எங்களிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஒருநாள் ஆசிரியர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "வாப்பாட பேரத்தானே முன்னுக்குப் போடுறீங்க, மாஸ்டர்? உங்கட மகனோட அதுவும் போயிரும். நாலு தலைமுறைக்கு நிக்கிற பேர் ஒண்டு உங்கட ஆக்களுக்கு இல்லையே."

"எங்களுக்குக் குடி இரிக்கி, சேர். உம்மாட வழியால வாறது."

எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்குக் குடி என்னும் வம்சப் பெயர் தாய்வழிதான். பள்ளிவாசலை நடத்தும் மரைக்காரைத் தெரிவுசெய்வதும் குடிப்படி. ஒரே குடிக்குள் கல்யாணம் பேச மாட்டோம்.

"சீலத் தலைப்பப் புடிச்சிக்கிட்டு வாற பேரோ அது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

என் உம்மா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதி முடித்த கிழமை அது.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே சாப்பிட்டேன், ஒவ்வொரு கவளத்தோடும் அவர் முகத்தையும் சேர்த்து மென்றேன். மாதங்கள் கழித்து அந்தப் படம் கண்ணில் பட்டபோது அல்லாஹ்வே அனுப்பியதாக நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துத்தான் இன்று தௌபாச் செய்து மன்னிப்புக் கேட்கிறேன்.

"பெரிய விஞ்ஞானி, சேர்" என்று நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கடைத்தெருவில் சட்டம் போடுவித்துத் தன் கையாலேயே ஆணி அடித்தார். எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். நிம்மதியாகக் குடித்தேன்.

அடுத்து வித்தியாதரிசி பாடசாலையைச் சோதனையிட வந்தார். 'பெரிய விஞ்ஞானி' என்று சேர் காட்டிய நான்காவது படத்தின் முன் நின்றுவிட்டார். "விஞ்ஞானியா? இவன் பெண்சாதிக்கு நஞ்சு குடுத்துத் தூக்குல போனவன் எல்லோ, மிஸ்டர் ஸ்மித்?" முதலில் எழுந்த சிரிப்பு என்னுடையது. பொழுது சாய்வதற்குள் 'தூக்கு ஸ்மித்' என்ற பெயர் கடைத்தெரு வரை போய்விட்டது.

அன்று பாடசாலை விட்டதும், அவர் அதைக் கழற்றுவதைப் பார்க்க ஆசைப்பட்டு அறைக்குள் போனேன். அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கழற்றல்லியா, சேர்?"

"என்னத்துக்கு? என்னப் பெத்தது ஆரெண்டு எனக்குத் தெரியாது, மாஸ்டர். பாதிரியார் எடுத்து வளத்து, அவர்ட பேரத் தந்தார். இந்தப் பேரோட ஆர் வந்தாலும் எனக்குச் சொந்தம்தான். தூக்குல போனவனும்." பிறகு திரும்பாமலே கேட்டார்: "தெரிஞ்சுதான் தந்தீங்களோ?"

"இல்ல, சேர்."

"ஓம், நீங்க அப்பிடிச் செய்யமாட்டீங்க."

மறு வருடம் இடமாற்றம் கேட்டுப் போனார். நான்கு படங்களையும் கொண்டுபோனார்.

என் பேரன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்குள்ள வழக்கப்படி என் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டான். அவன் பிள்ளைகளும் அதையே வைத்திருக்கிறார்கள். நாலு தலைமுறைக்கு நிற்கும் பெயர் எனக்கும் கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் தொடங்கிய மனிதனின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமாம், கேட்டிருக்கிறான். தேடியதில் இளவயதுப் படமொன்று அகப்பட்டது. கோட்டுப் பையில் வெள்ளைக் கைக்குட்டையோடு நிற்கிறேன். அழகாகத்தான் இருக்கிறேன்.

இந்தப் படத்தையும் கீழ்வரிகள் இல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.