மேசைக்கு அடியில் பாமாயில்

முத்துலட்சுமி அக்கா, நீ காய்ச்சலில் இறந்துபோய் இன்றோடு இருபது நாள். மதியம் பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தார்கள். அந்தப் பாமாயில் வாசம் என்னை நம்ம ரேஷன் கடைக்கு இழுத்துப் போனது.

அப்போது எனக்கு ஏழு வயது. யாரிடமும் பேசமாட்டேன். உன் காதில் சொல்வேன், நீ எனக்காகப் பேசுவாய். அன்று ஆற்றில் குளித்த ஈரத்தோடு வந்தவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். "பாமாயில் தீந்துபோச்சு, போங்க போங்க" என்றார் கடைக்காரர். பெரியவர்களுக்குத் தெரியாதது என் உயரத்துக்குத் தெரிந்தது. மேசைக்கு அடியில், சாக்கு மூடிய பெட்டி நிறைய பாமாயில் பாக்கெட். உன் காதில் சொன்னேன்.

"கேக்கலட்டி. நீயே சத்தமா சொல்லு."

மறுபடி சொன்னேன். நீ கேட்காததுபோல் வானத்தைப் பார்த்தாய். வரிசை கலையத் தொடங்கியது. வீட்டிலோ சொட்டு எண்ணெய் இல்லை.

"அண்ணாச்சி, மேசைக்கு அடியில பாமாயில் இருக்கு!"

கடையே திரும்பியது. "இது ஊமைன்னுல்லா நெனச்சேன்!" என்று ஒரு ஆச்சி சிரித்தாள். கடைக்காரர் முகம் கறுத்துப்போய்ப் பெட்டியை வெளியே இழுத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கிடைத்தது. நீ என்னைத் தூக்கிக்கொண்டு, "என் தங்கச்சி கேட்டு வாங்குனதாக்கும்!" என்று தெரு முழுக்கக் கத்தினாய்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியதை நானேதான் கேட்கிறேன். இதையும் வாய்விட்டே கேட்கிறேன்: இதைப் படிக்கிற எல்லாரும் எங்க அக்காவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.