அசையாத காகிதம்

அன்று பிரெஞ்சு வகுப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர்: டீச்சர், வெளிநாடு போக ஆங்கில உச்சரிப்பு பழகிவந்த மூன்று கல்லூரிப் பெண்கள், எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான். கோவளத்தில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். இந்த மாலை வகுப்பில் தேறினால் ரிசப்ஷன் வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

டீச்சர் ஆளுக்கொரு காகிதத் துண்டு தந்தார். அதை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பாரிஸைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல் 'பாரி' என்று சொல்ல வேண்டும். எதற்கென்று அவர் சொல்லவில்லை. மூன்று பெண்களின் காகிதமும் படபடத்தது. நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். என்னுடையது அசையவே இல்லை.

"அக்காவோட பேப்பர் உறங்கிப் போச்சே," என்றாள் பக்கத்துப் பெண்.

என் முறை வந்தது. சொல்லோடு சேர்த்து ரகசியமாக ஊதிவிட்டேன். காகிதம் துள்ளியது.

டீச்சர் உற்றுப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தன் தமிழில் கேட்டார். "ஊதினதல்லே? சாலைக் கடையில பழம் கேப்பீங்கல்லே, அது மாதிரி சும்மா சொல்லுங்கோ."

தலை குனிந்தபடி சொன்னேன். காகிதம் அசையவில்லை.

"இதாணு பிரெஞ்சு. 'ப' சொல்லும்போது மூச்சு வெளியே அடிக்கக் கூடாது. இங்கிலீஷ் மாதிரி ஊதிச் சொல்ற இவங்களுக்கு அதைப் பழக்கத்தான் இந்தக் காகிதமே."

பக்கத்துப் பெண் திரும்பினாள். "அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்கோ."

என்னிடம் சரியாக இருந்த ஒன்றையும் தப்பென்று நினைத்து மறைத்தது இன்னும் உறுத்துகிறது. அன்றோடு நின்றுவிடும் எண்ணத்தில்தான் வகுப்புக் கட்டணத்தின் இரண்டாம் தவணையைக் கட்டாமல் இருந்தேன். இனி கட்டியாக வேண்டும். பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.