கீழ்மடிப்பு நேரத்து வாசகிகள்

மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பிய புதன்கிழமை, தையலக்கா வாசலில் நின்று கண்ணைக் கசக்கவில்லை. டாக்சி தெருமுனை திரும்பியதுமே உள்ளே வந்து, மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியைத் திறந்தாள்.

அதில் தையலக்கா எழுதிய நாவல் இருந்தது. கடைக்கு ஆள் வராத மத்தியானங்களில், துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக எழுதியது. ஒரு பதிப்பகம் முதல் அத்தியாயத்தை மட்டும் கேட்டிருந்தது. பிடிக்காவிட்டால் அதே நாவலை மறுபடி பார்க்க மாட்டார்களாம். எந்த எழுத்துருவில் அனுப்புவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கணினிக்குள் எழுத்துருக்கள் துணிக்கடை அலமாரிபோல் அடுக்கடுக்காக இருந்தன. கொடியாகச் சுருண்டு ஓடிய ஒன்றைத் தேர்ந்தாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?"

"பாத்ததும் எடிட்டர் கண்ணப் பறிக்க வேணாமா?"

"பறிச்சுட்டா அப்புறம் எத வச்சுப் படிப்பாரு?"

கிண்டல்தான். ஆனாலும் அது அவளைக் குடைந்தது. ரவிக்கையைக்கூடப் போட்டுப் பார்க்கச் சொல்லாமல் கொடுத்தனுப்பாதவள் அவள். முதல் பக்கத்தை வெவ்வேறு எழுத்துருவில் அச்செடுத்து, அளவு பார்க்கும் அறைச் சுவரில் நாளுக்கொன்றாக ஒட்டினாள். எழுதியது யாரென்று மூச்சுவிடவில்லை. உடுப்போடு நிற்கவைத்து, ஓரத்தை மடித்துக் கீழ்மடிப்புக்குக் குண்டூசி குத்தும்போது வாடிக்கையாளர் அசைய முடியாது. கண் மட்டும் சும்மா இருக்குமா?

வங்கி மேனேஜரம்மா கொடி எழுத்தைப் பார்த்து உருகினார். "எவ்ளோ அழகு! என் பொண்ணு பிறந்தநாள் கார்டுக்கு இதையே போடலாம் போலிருக்கே." கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தடித்த எழுத்து ஒட்டிய நாளில் எதிர்வீட்டுக்காரி பதறினாள். "என்னக்கா நோட்டீஸு? கடையக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களா?"

கடைசியாக, எந்த அலங்காரமும் இல்லாத எழுத்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு. அன்று வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ், நிற்க நேரமில்லாதவர்.

"ஆச்சு சிஸ்டர், போய் மாத்திக்குங்க."

நர்ஸ் நகரவில்லை. "இரு இரு. அந்தப் பொம்பள கதவத் திறந்தாளா இல்லையா? மிச்சப் பக்கம் எங்க?"

தையலக்காவின் வாயில் குண்டூசிகள். சிரித்தால் விழுங்கிவிடுவாள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கேட்டாள், "எழுத்து எப்படி இருக்கு?"

"எந்த எழுத்து?"

அன்றே அனுப்பிவிட்டாள். மகள் போனில் அலுத்துக்கொண்டாள். "போயும் போயும் அந்தச் சாதா ஃபாண்ட்லயாம்மா?"

"உள்தையல் வெளிய தெரியலாமாடி?"

பிறகு பதிப்பகத்திலிருந்து பதிலே இல்லை. மழைக்காலம் போனது, வெயில் ஏறி இறங்கியது. கணவர் கேலி செய்வதைக்கூட நிறுத்திவிட்டார்; அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. சுவரிலிருந்த பக்கம் பழுத்துப்போனது. அவள் அதைக் கிழிக்கவில்லை.

ஒரு மத்தியானம் யாருக்கோ கீழ்மடிப்பு குத்திக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடிட்டர் அனுப்பியிருந்தார்:

"தாமதத்துக்கு மன்னிக்கவும். கதவுக்குப் பின்னால் யார் நின்றது? மீதியை இன்றே அனுப்புங்கள்."