துலாபாரத்தில் மிஞ்சிய வெல்லம்

ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுக் குடிசைக்கு வந்தால் அடுப்பு மூட்டவே உடம்பு வராது. என் மூன்று வயது மகளுக்கு இரண்டு வேளையும் கேப்பைக்கூழ்தான். அதிலேயே அவளுக்குக் கன்னமும் காலும் உப்பி வந்தன. கண்பட்டுவிடும் என்று தினமும் கன்னத்தில் மை வைத்தேன்.

வருஷந்தோறும் அவள் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாகப் போடியில் ஒரு கோயிலுக்கு நேர்ந்திருந்தோம். அந்த வருஷமும் மலையிறங்கிப் போய், போன வருஷ அளவுக்கே மண்டைவெல்லம் வாங்கினோம். பிள்ளை வளர்ந்திருக்கிறாளே, போதாதே என்றுதான் எனக்குக் கவலை.

தராசைத் தூக்கியதும் வெல்லத்தட்டு தரையிலேயே நின்றது. மகள் உட்கார்ந்திருந்த தட்டு மேலே போனது. ஒவ்வொரு மண்டையாக எடுத்த பிறகுதான் தட்டுகள் சமமாயின.

"வெல்லம் மிச்சம்டி!" என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்களுக்கு அடுத்து, இடுப்பில் மகனோடு நின்ற பெண் சிரிக்கவில்லை. குனிந்து என் மகளின் காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்ல ஆத்தா, நீரு. இவனுக்கும் இப்படித்தான் வீங்குச்சு. வெறுங்கூழு பத்தாது. பயறு, முட்டைன்னு எதையாச்சும் சேத்துக் குடு."

கொடுத்தேன். மகள் தேறிவிட்டாள். ஆனால் அன்று மலையேறிய அலுப்பு மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. முதுகில் அவள் கனமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பில் இருந்திருக்க வேண்டிய எடை, மிஞ்சிய வெல்லமாக என் தலையில் கனத்தது.