ரவ்னாவின் முட்டியும் திரும்பாத வண்டியும்

ரவ்னாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய பனிவண்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் பனியைக் கடித்து ஓடும் ரப்பர் பெல்ட், நடுவில் நீள இருக்கை. அந்த இருக்கையின் இடது ஓரத்தில் ஒரு குழி இருக்கும். அவள் முட்டி ஊன்றி ஊன்றி விழுந்த குழி. இதுவரை நாலு வண்டி மாற்றிவிட்டாள். எந்த வண்டி வந்தாலும் இரண்டாவது குளிர்காலத்துக்குள் அதே இடத்தில் குழி விழுந்துவிடும்.

துருவமான் மேய்க்கிற எங்கள் ஜனம் வண்டியில் உட்கார்ந்து ஓட்டாது. ஒரு முட்டி இருக்கையில், இன்னொரு கால் கீழ்ப்பலகையில், உடம்பு முன்னால் சாய்ந்து பாதி நின்ற நிலை. அப்படி ஓட்டினால்தான் குட்டை மரங்களுக்கு அந்தப்புறம் மான் எங்கே நிற்கிறது என்று தெரியும். உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் வெளியூர் விருந்தாளிகளும் பாதிரியாரும்தான். பாதிரியாரை யாரும் எதுவும் சொல்வதில்லை, அவருக்கு மான் கிடையாது.

ரவ்னா பிறந்ததே மந்தை இடம் மாறும் வழியில், கூடாரத்தில். ஒன்பது வயதில் அப்பாவின் வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், வழிதவறிய கன்றை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். அடியும் வாங்கினாள், கன்றும் அவளுக்கே கிடைத்தது. இசாத்தைக் கல்யாணம் பண்ணி வந்தபோது அவள் கொண்டு வந்தது நாற்பது பெண் மானும் ஒரு பெட்டி ஸ்பேனரும். மாமியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சட்டி பானை எங்கடி?" என்றாளாம். "உங்க சட்டி ஒழுகுனா சொல்லுங்க அத்தே, இத வெச்சே அடைச்சுத் தர்றேன்" என்றாள் இவள். அடைத்தும் கொடுத்தாள். அந்தச் சட்டி இன்னும் இருக்கிறது.

இசாத் இறந்துபோன பிறகு மந்தையில் அவன் இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மந்தையைத் திருப்பும்போது உள்பக்கம் போகிறவர்களுக்குப் பெரிய வேலை இல்லை, மெதுவாக நகர்ந்தால் போதும். வெளிவட்டத்தில் போகிறவர்தான் எல்லோரையும்விட வேகமாகப் போய், எல்லோரையும்விடக் குறுக்கி வளைய வேண்டும். பதினோரு வருஷமாக வெளிவட்டம் ரவ்னாவுடையது. பின்னால் உட்கார்ந்து வரும் கறுப்பு நாய் சாப்பேவுக்கும் அது தெரியும். அது வேறு யார் வண்டியிலும் ஏறாது.

போன இலையுதிர் காலத்தில் கடலோர ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது முட்டிக்குள் உலோகம் வைத்தார்கள். "மடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல. மடக்குனா வலிக்கும்னுதான் சொன்னாரு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

ஏப்ரல் வந்தது. கன்று ஈனுமுன் மந்தையைக் கடலோரம் நகர்த்தும் காலம். முதல் நாளே, பள்ளத்தாக்கு வளைவில், ரவ்னா கைப்பிடியை முழுக்கத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. சறுக்குக்கட்டைகள் பனிமேல் வழுக்கிக்கொண்டு நேரே போய் மரத்துக்குள் சொருகின. அந்த இடைவெளியில் மந்தையின் தலைமான்கள் நழுவிப் போயின. அதுகளைத் திரும்பக் கூட்ட அரை நாள் ஆனது.

இசாத்தின் தம்பி ஹெய்க்காதான் மந்தைக்குத் தலைவன். கோபக்காரன் இல்லை. அன்று காபிக் கோப்பையோடு ரவ்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை ஏரியத் தாண்டணும். வெளிவட்டத்துல உங்க மருமக சுன்னா போகட்டும். நீங்க சாப்பாடு ஏத்தின சறுக்கு இழுத்துட்டு வாங்க."

"ஏன்டா, நான் என்ன கெழவியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வண்டி திரும்பல. வண்டி திரும்பலன்னா வண்டியச் சரி பண்ணணும். ஆள மாத்துவாங்களா?"

"ரெண்டு நாள் இருக்கு. பாருங்க" என்று மட்டும் சொன்னான்.

அந்த ஏரியைப் பற்றி அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆறு ஏரியை விட்டு வெளியே போகிற வாயில் அடியில் நீரோட்டம் இருக்கிறது, அதனால் பனிக்கட்டி அங்கே மெல்லிசு. அந்த ஆற்றுவாய்க்கு நேர் அக்கரையில் பனி உருகித் தெரியும் மேட்டில் மேய்ச்சலின் வாசம் வருவதால் தலைமான்களின் மூக்கு அந்தப் பக்கமே போகும். பாறை முனையைச் சுற்றி வளைந்து போய் அதுகளை மறிக்க வேண்டும். அந்த வளைவில் வண்டி நேரே வழுக்கினால் மானுக்கு முன்னாலேயே ஓட்டுகிறவர் மெல்லிய பனிக்கட்டிக்குப் போய்விடுவார்.

புதன்கிழமை காலையில் ரவ்னா வண்டியைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினாள். சறுக்குக்கட்டைகளின் அடியில் இருக்கும் இரும்புக் கத்திகளைக் கழற்றிப் புதுசு போட்டாள். மருமகள் சுன்னா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். சுன்னாவின் புருஷன் மீன்படகில் போயிருந்தான். மாமியாரும் மருமகளும் ஒரு வீட்டில் இருந்தும் சண்டை வராத அதிசயம் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து ஸ்பிரிங். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, ரவ்னா தன் மேய்ப்புக்கோலைப் பக்கத்தில் நிறுத்தி, அந்த உயரத்தில் கத்தியால் ஒரு கோடு போட்டாள். பிறகு ஆள் ஏறினால் எத்தனை விரல் அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். நாலு விரல் என்றால் சரி.

"ஏறுங்க அத்தை" என்றாள் சுன்னா.

"நீ ஏறு. நான் பாக்கறேன்."

"நானா? வண்டி உங்களோடதாச்சே. நான் எடை கம்மி."

ரவ்னா உள்ளே போய் உலர்ந்த கறி மூட்டையைக் கொண்டுவந்து சுன்னாவின் தோளில் போட்டாள். "இப்ப நீதான் நான். முட்டி போட்டு நில்லு, நான் ஓட்டற மாதிரி."

சுன்னா மூட்டையோடு குழியில் முட்டி ஊன்றி நின்றாள். கோலை வைத்துப் பார்த்தால் சரியாக நாலு விரல். எல்லாம் இருக்க வேண்டியபடியே இருந்தது. ரவ்னா சாப்பேயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புல்வெளிப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வண்டி திரும்பவில்லை. மறுபடி முன்புறத்து இரண்டு ஸ்பிரிங்கையும் இறுக்கினாள், மறுபடி ஓட்டினாள். கைதான் வலித்தது. சறுக்குக்கட்டை விற்றவனைத் திட்டினாள், பனியைத் திட்டினாள், சாப்பேயையும் ஒரு வார்த்தை சொன்னாள்.

அவள் மூன்றாம் முறை திரும்பி வந்தபோது மென்பனி தூவிக்கொண்டிருந்தது. வண்டியைத் துடைக்க வந்த சுன்னா அப்படியே நின்றாள். இருக்கையின் பின்கோடியில் பனி உருகி ஈரமாக இருந்தது. முட்டிக் குழியிலோ பனி நிரம்பி, யாரும் தொடாத சர்க்கரைக் கிண்ணம் மாதிரி இருந்தது.

"அத்தை."

"என்னடி?"

"குழி நெறைய பனி."

ரவ்னா குழியைப் பார்த்தாள். பிறகு கையுறையால் அந்தப் பனியை வழித்து எறிந்தாள். "வேலையப் பாரு" என்றாள்.

சுன்னா போகவில்லை. "அளந்தது முட்டி போட்டு. ஓட்டறது உக்காந்து. கடைசியில போய் உக்காந்து, காலை முன்னால நீட்டி. சாப்பேவும் இன்னும் பின்னால தள்ளி உக்காருது. கனமெல்லாம் பின்னால போனா வண்டி மூக்கு நிமிராம என்ன செய்யும்? அப்புறம் சறுக்குக்கட்டை எப்படிப் பனியக் கடிக்கும்? நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்."

"உனக்குச் சொல்லிக் கொடுத்தது என் தப்பு."

சாப்பே இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. முட்டி மடங்காது என்று ஒத்துக்கொண்டால் ஹெய்க்கா சொன்னது சரியாகிவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டி திரும்பாது, அப்போதும் ஹெய்க்கா சொன்னதுதான் நடக்கும். ரவ்னா பிடிவாதக்காரிதான், ஆனால் கணக்குத் தெரியாதவள் இல்லை.

"கோல எடு" என்றாள்.

கனத்த கோட்டு, இடுப்பில் கத்தி, தோளில் சுருக்குக்கயிறு, பின்னால் நாய். எப்படி ஓட்டுகிறாளோ அப்படியே ஏறி உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள். சுன்னா குனிந்து கோலில் போட்ட கோட்டைப் பார்த்தாள்.

"ஏழு விரல்."

"ஏழா? சரியாப் பாரு, உன் விரல் ஒல்லி."

"உங்க விரல்ல ஆறரை."

அதற்குப் பிறகு வேலை கடகடவென்று நடந்தது. தொய்ந்துபோன பின் ஸ்பிரிங்குகளை இரண்டு படி ஏற்றினார்கள், பின்புறம் நிமிர்ந்தது. பெல்ட்டுக்குள் முன்னால் இருக்கும் ஸ்பிரிங் விறைப்பாக நின்று வண்டியின் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது, அதைத் தளர்த்தினார்கள். உள்ளே வரிசையாக ஓட்டை போட்ட ஒரு பட்டை உண்டு, பெல்ட்டின் முன்பக்கம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்று பிடித்துவைக்கும். அதை ஒரு ஓட்டை இறுக்கினார்கள், சறுக்குக்கட்டை பனியோடு ஒட்டியது. ரவ்னா இரண்டு ஓட்டை இறுக்கச் சொன்னாள். ஓட்டிப் பார்த்தால் கைப்பிடி கல்லாய்க் கனத்தது. மறுபடி ஒரு ஓட்டைக்கே திரும்பினார்கள். கறி காயப்போடும் பரணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி வளைந்தது. சாப்பே எதிர்பார்க்காமல் இருந்ததால் பனியில் விழுந்தது.

வியாழக்கிழமை அவளே ஹெய்க்காவின் வாசலுக்குப் போனாள். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"என் முட்டி மடங்கல. உக்காந்துதான் ஓட்டறேன், பாதிரியார் மாதிரி. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சுடு."

"நீங்க உக்காந்து ஓட்டறது கிறிஸ்துமஸ்லேருந்தே எனக்குத் தெரியும் அண்ணி. மரியாதைக்காக வாயத் தொறக்கல. இல்லைன்னு நீங்க சாதிச்சீங்களே, அதுக்குத்தான் பயந்தேன்."

"இப்ப பாரு" என்று அவன் விறகு அடுக்கைச் சுற்றி இரண்டு பக்கமும் வளைத்துக் காட்டினாள். ஹெய்க்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பனியில் சறுக்குக்கட்டை வெட்டிய தடத்தைக் காலால் தொட்டுப் பார்த்தான்.

"சுன்னா உங்க பின்னாலேயே வரட்டும்."

"அப்ப சாப்பாட்டுச் சறுக்கு?"

"நான் இழுக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்து பனி இறுகியிருந்த நேரத்தில் மந்தை ஏரியில் இறங்கியது. தலைமான் மூக்கைத் தூக்கி ஆற்றுவாய்ப் பக்கம் ஓட்டம் பிடித்தது, பின்னாலேயே மற்றதும். ரவ்னா வெளிப்பக்கமாக முந்தினாள். பாறை முனை வந்தது. கைப்பிடியைத் திருப்பி, எழ முடியாத உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்தாள். சறுக்குக்கட்டை கடித்தது. பனித்தூள் ஒரு பக்கமாக எழுந்து நின்றது. நிறம் கறுத்த மெல்லிய பனிக்கட்டிக்கு இருபது முழம் இந்தப்பக்கமே வண்டி வளைந்து மான்களின் மூக்குக்கு நேரே வந்தது. சாப்பே ஒருமுறை குரைத்தது, அது போதுமாயிருந்தது. தலைமான் நின்று, அவளைப் பார்த்து, திரும்பியது.

அக்கரையில் காபி. கோப்பைக்குள் உலர்ந்த கறித் துண்டும் பாலாடைக்கட்டியும் போட்டு ஹெய்க்காவே கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றான்.

"என் வண்டியும் கொஞ்ச நாளா நேரா நேரா போகுது அண்ணி."

"உக்காரு. கோல்ல கோடு போட்டு அளக்கறேன்."

"அளக்கவே வேணாம். எனக்கு இருபது வருஷமா ஒரே எடை."

"உக்காருடா."

உட்கார்ந்தான். சுன்னா கோலைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். "எட்டு விரல்."

"கோட்டு கனம்" என்றான் ஹெய்க்கா.

"கழட்டிட்டு உக்காரு."

கழற்றினான். அரை விரல்கூடக் குறையவில்லை. சுன்னா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ரவ்னா இடது காலை நீட்டியபடி பனியில் உட்கார்ந்து, ஸ்பேனருக்குக் கையை நீட்டினாள்.